வளர்ப்புப் பிராணியும் வாடகை வீடும்

பிழைப்பை நாடிப் பிற மாநிலம் செல்பவர், வேலை கிடைத்த பின்னரே ஊரை விட்டுப் புறப்படுகின்றனர். வீடு கிடைக்கும் முன்னரே வந்து சேர்ந்து விடுகின்றனர். மொழி பழகாத ஊரில் தெருத் தெருவாக அலைந்து வாடகை வீடு தேடுவதன் அருமையை நம்மில் பலர் அனுபவித்து அறிவோம். மணமாகாத இளைஞர் என்றால் ஒரு தயக்கம். புலால் உண்பவர் என்றால் மற்றொரு தயக்கம். வெளி மாநிலத்தவர் என்றால் இன்னும் ஒரு தயக்கம். இவை யாவற்றையும் கடந்து, வாடகையும் பேசி முடித்து, முன்பணத்தை எடுத்து நீட்டும் வேளையில், "வீட்டில் ஒரு நாயும் உண்டு" என்று சொன்ன மாத்திரத்தில் வீட்டுக்காரர் முகம் மாறி விடுகிறது. புனே நகரில் குடியேறும் தமிழர் வளர்ப்புப் பிராணியோடு வாழத் தக்க வாடகை வீட்டை எவ்வாறு பெறுவது என்பதே இன்று நாம் எடுத்துக் கொண்ட பொருள்.

மனிதருக்கே இடம் கிடைப்பது அரிதாக உள்ள காலத்தில் நாய்க்கும் பூனைக்கும் இடம் தேடுவது ஒரு பெரிய காரியமா என்று சிலர் கேட்கலாம். அவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். வீடு கிடைக்காத போது மனிதன் என்ன செய்கிறான்? உறவினர் வீட்டில் சில நாள் தங்குகிறான். விடுதியில் அறை எடுக்கிறான். பிராணிக்கு அவ்வழிகள் இல்லை. வீட்டுக்காரர் மறுத்தால், "வேறு வழியில்லை" என்னும் ஒரு சொல்லோடு அது தெருவில் விடப்படுகிறது. பிறந்தது முதல் கையால் உணவு உண்டு பழகிய நாய், தெருநாய்களின் எல்லைச் சண்டையில் அகப்பட்டு நெடுநாள் உயிர் வாழ்வதில்லை. எனவே இவ்விஷயத்தில் பணயமாக வைக்கப்படுவது நம் வசதி அன்று. நம்மையே நம்பி வந்த ஓர் உயிர்.

முதலில் புனே நகரின் வீடுகளைப் பற்றிச் சில சொற்கள். பேஷ்வாக்களின் ஆட்சியில் வளர்ந்த இந்நகரம் 'பேட்' என வழங்கும் பகுதிகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. கசபா பேட், சனிவார் பேட், சதாசிவ பேட், நாராயண பேட் ஆகிய பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. நம்மவர் பல தலைமுறைகளாக வாழும் ராஸ்தா பேட்டும் அவற்றுள் ஒன்று. இப்பகுதிகளில் மக்கள் குடியிருந்த பெரு வீடுகளுக்கு 'வாடா' என்று பெயர். நடுவில் திறந்த முற்றம், முற்றத்தில் துளசி மாடம், சுற்றிலும் மர வேலைப்பாடு மிக்க தாழ்வாரங்கள், அவற்றையொட்டிக் குடித்தனங்கள் என அமைந்தவை அவை. நம் செட்டிநாட்டு வீட்டையும் தஞ்சைப் பகுதியின் முற்றத்து வீட்டையும் கண்டவர்க்கு வாடா அந்நியமாகத் தோன்றாது. குதிரையும் பசுவும் கட்டுவதற்கு இடம் வைத்தே பெரிய வாடாக்களைக் கட்டினர். அங்கே பிராணிக்கு இடம் உண்டா என்ற கேள்வி எழுந்ததில்லை.

அந்நிலை மாறியதற்குக் காரணங்கள் உண்டு. 1947-ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1940-ஆம் ஆண்டின் வாடகையையே அளவுகோலாகக் கொண்டது. வாடகை உயராததால் பழைய வீடுகளைப் பழுது பார்க்க உரிமையாளர்க்கு ஊக்கம் குன்றியது. 1961-ஆம் ஆண்டு சூலை 12-ஆம் நாள் பான்ஷேத் அணை உடைந்து, அவ்வெள்ளத்தால் கடக்வாஸ்லா அணையும் உடைய, முட்டா நதி கரை கடந்து நகருக்குள் புகுந்தது. நதிக்கரைப் பேட்டுகளில் எண்ணற்ற வாடாக்கள் இடிந்தன. அதன் பின்னர் நகரம் நாற்புறமும் விரிந்தது. கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கங்கள் பெருகின. வாடாக்கள் இருந்த இடங்களில் அடுக்கு மாடி வீடுகள் எழுந்தன. ஹிஞ்சேவாடியிலும் கராடியிலும் கணினித் தொழில் வளர்ந்த பிறகு பல மாடிக் கட்டடங்கள் வானை எட்டின. முற்றம் போய் லிப்ட் வந்தது. தாழ்வாரம் போய்ப் பொது நடைவழி வந்தது. ஒருவர் வளர்க்கும் நாய் நூறு குடும்பங்களின் வழியில் நடக்க வேண்டியதாயிற்று. பிராணியைப் பற்றிய இன்றைய பிணக்குகள் பெரும்பாலும் இவ்விட நெருக்கடியின் விளைவேயன்றி, மராத்திய மக்களின் மனத்தில் இரக்கம் இல்லாமையின் விளைவு அல்ல.

அம்மக்களின் மரபை அறிந்தால் இது விளங்கும். தத்தாத்ரேயரின் திருவுருவத்தோடு நான்கு நாய்களை எழுதுவது இந்நாட்டு வழக்கம். அவை நான்கு வேதங்கள் என்பர். புனேக்கு அருகிலுள்ள ஜேஜூரியில் கோயில் கொண்ட கண்டோபாவின் உருவத்தோடும் நாய் உண்டு. நம் ஊர்ச் சிவாலயங்களில் பைரவரைச் சேவித்தவர்க்கு இதில் வியப்பு இராது. பண்டரிபுரத்து நாமதேவரின் ரொட்டியை ஒரு நாய் கவ்விக் கொண்டு ஓட, வெறும் ரொட்டியைத் தின்னாதே என்று நெய்க் கிண்ணத்தை ஏந்தி அவர் அதன் பின்னே ஓடினார் என்று கதை கூறுவர். ஏகநாதர் வரலாற்றில் வரும் நிகழ்ச்சியோ நமக்கு இன்னும் நெருக்கமானது. இராமேசுவரத்து இறைவனுக்கு அபிடேகம் செய்யக் காசியிலிருந்து சுமந்து வந்த கங்கை நீரை, வழியில் தாகத்தால் துடித்த ஒரு கழுதையின் வாயில் அவர் வார்த்தார் என்பது அது. நம் தமிழகத்துக் கோயிலுக்கு உரிய நீர் மராத்திய மண்ணில் ஓர் எளிய விலங்கின் உயிரைக் காத்தது. இத்தகைய கதைகளைத் தாய்ப்பாலோடு கேட்டு வளர்ந்த வீட்டுக்காரரிடம் நாம் பேசப் போகிறோம் என்பதை மறக்கலாகாது.

இனிச் சட்டத்தின் நிலையைக் காண்போம். வாடகை வீட்டில் பிராணி வளர்ப்பவர் மூவரோடு தொடர்பு கொள்ள வேண்டியவர் ஆகிறார். முதலாமவர் வீட்டுக்காரர், இரண்டாவது, அக்கட்டடத்தின் கூட்டுறவுச் சங்கம், மூன்றாவது, நகராட்சி மன்றம். இம்மூவரின் உரிமைகளும் வெவ்வேறு. இவற்றைப் போட்டுக் குழப்பிக் கொள்வதாலேயே வீண் வழக்குகள் விளைகின்றன.

வீட்டுக்காரரை எடுத்துக் கொள்வோம். தம் வீட்டை யாருக்கு வாடகைக்கு விடுவது, எந்நிபந்தனையோடு விடுவது என்பது அவர் விருப்பம். பிராணியோடு வருபவரை ஏற்றே ஆக வேண்டும் என்று அவரைக் கட்டாயப்படுத்தும் வாடகைச் சட்டம் இல்லை. ஆகவே அவருடைய இசைவை எழுத்தில் பெறுவதே நம் முதற் கடமை.

மகாராட்டிரத்தில் வாடகைக்கு விடுவோர் பெரும்பாலும் 'லீவ் அண்ட் லைசென்ஸ்' எனப்படும் ஒப்பந்தத்தையே செய்து கொள்கின்றனர். குடியிருப்பவருக்கு வீட்டில் குத்தகை உரிமை எதுவும் தராமல், குறித்த காலம் வரை தங்குவதற்கு மட்டும் இசைவு தருவது அது. வழக்கமாகப் பதினொரு மாதத்திற்கு எழுதுவர். பதினொரு மாத ஒப்பந்தத்திற்குப் பதிவு தேவையில்லை என்று நம் ஊர்ப் பழக்கத்தை வைத்துக் கொண்டு பலர் எண்ணுகின்றனர். இங்கு அது செல்லாது. 1999-ஆம் ஆண்டின் மகாராட்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, இத்தகைய ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து பதிவும் செய்யப்பட வேண்டும் என்கிறது. பதிவு செய்விக்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. பதிவு இல்லாத இடத்து, எந்நிபந்தனையின் பேரில் வீடு தரப்பட்டது என்பதில் தகராறு எழுந்தால், மறுத்து மெய்ப்பிக்கப்படும் வரை குடியிருப்பவரின் கூற்றே ஏற்கப்படும். ஆயினும் வாய்ச் சொல்லை நம்பி வழக்கு மன்றம் ஏறுவதைக் காட்டிலும், பதிவான ஒரு வரி நம்மைக் காக்கும். அதே சட்டத்தின் 24-ஆம் பிரிவையும் அறிந்து வைத்திருத்தல் நன்று. ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும் வீட்டை விடாதவர், அக்கட்டணத்தைப் போல் இரு மடங்கு செலுத்தக் கடமைப்பட்டவர் ஆகிறார். பிராணியோடு இருப்பவருக்கு அடுத்த வீடு எளிதில் கிடைக்காது. ஆதலால் காலம் முடிவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்னரே தேடத் தொடங்க வேண்டும்.

அடுத்தது சங்கம். இங்குள்ளோர் இதனைச் 'சொசைட்டி' என்றே கூறுவர். வீட்டுக்காரர் இசைந்த பின்னும், "எங்கள் சொசைட்டியில் நாய் வளர்க்கக் கூடாது என்று தீர்மானம் உண்டு" என்று செயலாளர் கூறுவதுண்டு. இத்தகைய தடைக்கு இடமில்லை. பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் நிறைவேறியது. அதற்கான முயற்சியை மாநிலங்களவையில் தொடங்கி வைத்தவர் நம் சென்னைக் கலாட்சேத்திரத்தின் நிறுவனரான ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார். அச்சட்டத்தின் கீழ் 1962-இல் அமைந்த இந்தியப் பிராணிகள் நல வாரியத்திற்கு அவரே முதல் தலைவர். அவ்வாரியம் 2015-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பொதுக் குழுவில் பெரும்பான்மை பெற்றாலும் குடியிருப்போர் சங்கம் பிராணி வளர்ப்பதைத் தடை செய்யலாகாது என்பது அவற்றின் சாரம். நாய் குரைக்கிறது என்பதையே காரணமாக்கி அதனை வெளியேற்றச் சொல்வதற்கும் அந்நெறிகள் இடம் தரவில்லை. 2021-இல் கேரள உயர் நீதிமன்றமும், பிராணி வளர்ப்பதை அடியோடு தடுக்கும் சங்க விதிகள் செல்லாதவை என்று தீர்ப்பளித்தது. எல்லா உயிர்களிடத்தும் இரக்கம் காட்டுதல் குடிமக்களின் அடிப்படைக் கடமை என்று நம் அரசியலமைப்பின் 51-அ பிரிவு கூறுவதையும் இங்கு நினைவு கூரலாம்.

இவ்வாறு சொல்வதால் சங்கத்திற்கு எவ்வித உரிமையும் இல்லை என்று கொள்ளலாகாது. தூய்மை, அமைதி, பிறர் பாதுகாப்பு ஆகியவற்றுக்கு நியாயமான ஒழுங்குகளை வகுக்க அதற்கு உரிமை உண்டு. வளர்ப்பவரின் கவனக் குறைவால் பிராணி பிறர் உயிருக்கு ஆபத்தோ கடுங்காயமோ விளைவிக்கும் நிலையை உண்டாக்கினால், 2023-ஆம் ஆண்டின் பாரதிய நியாய சன்ஹிதையின் 291-ஆம் பிரிவு அதனைக் குற்றமாகக் கொள்கிறது. உரிமையைக் கேட்பவர் இக்கடமையையும் சேர்த்தே ஏற்க வேண்டும்.

மூன்றாவது, நகராட்சி மன்றம். புனே மாநகராட்சி 1950-இல் அமைந்தது. பிம்ப்ரி–சிஞ்ச்வடுக்குத் தனி மாநகராட்சி உண்டு. புனே, கட்கி ஆகிய பாளையப் பகுதிகள் வரலாற்றில் தனி நிர்வாகம் கண்டவை. நாம் எவ்வெல்லைக்குள் குடியேறுகிறோம் என்பதை அறிந்து, அங்குள்ள அலுவலகத்தில் நாய்க்கு உரிமம் பெற வேண்டும். வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பு ஊசி போட்டதற்கான சான்று அதற்கு இன்றியமையாதது. உரிமம் பெற்ற நாய்க்கு உரிமையாளர் உண்டு என்பது ஏட்டில் இருக்கிறது. தெருவில் வழி தவறினாலும், அண்டை வீட்டார் முறையிட்டாலும், அவ்வேடே அதற்குத் துணை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். நம் ஊர்களில் கூண்டில் பச்சைக்கிளி வளர்ப்பதும், கண்ணாடித் தொட்டியில் நட்சத்திர ஆமை வைத்திருப்பதும் பலர்க்கு வழக்கமாக உள்ளன. இவை நம் நாட்டு வன உயிர்கள். 1972-ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றை வீட்டில் வைத்திருப்பது குற்றம். இவற்றை வேறு மாநிலத்திற்கு எடுத்துச் செல்வதோ மேலும் தொல்லையை விளைக்கும்.

இனி வீடு தேடும் முறையைப் பற்றி. தென்பாண்டி நாட்டிலிருந்து ஒரு குடும்பம் தன் சிப்பிப்பாறை நாயோடு புனேக்கு வருவதாக வைத்துக் கொள்வோம். சிப்பிப்பாறையும் இராசபாளையமும் நம் மண்ணின் பெருமைக்கு உரிய இனங்கள். 2005-இல் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாயினங்களுக்கு அஞ்சல் தலை வெளியிட்டபோது, அவற்றுள் இராசபாளையமும் இடம் பெற்றது. ஆயின் இவை வேட்டைக்கும் காவலுக்கும் பிறந்தவை. பன்னிரண்டாம் மாடியில் ஒற்றை அறையில் அடைத்து வைத்தால் நாயும் துன்புறும். அண்டை வீட்டாரும் துன்புறுவர். இத்தகைய நாய் உடையவர், நகரின் நடுவிலும் தொழிற் பூங்காவின் வாயிலிலும் வீடு தேடாமல், சற்று விலகியுள்ள தரைத்தள வீட்டையோ, தனி வாயில் உள்ள வீட்டையோ தேடுதல் வேண்டும். பாஷாண், ஔந்த், வானவடி, உந்த்ரி முதலிய பகுதிகளில் இவ்வகை வீடுகளைத் தேடிப் பார்க்கலாம். தென் பகுதிப் படைத் தலைமையகம் புனேயில் இருப்பதால் ஓய்வு பெற்ற படைத்துறையினர் பலர் இந்நகரிலேயே தங்கி விடுகின்றனர். நாய் வளர்த்துப் பழகிய வீட்டுக்காரர்களும் அவர்களிடையே உண்டு. பூனை உடையவர்க்கு இத்தகைய இடர் குறைவு; சாளரத்திற்கும் மாடி முகப்பிற்கும் வலை கட்ட இசைவு பெற்றால் போதும்.

தரகரிடம் பேசும்போது, முதல் வார்த்தையிலேயே பிராணியைக் குறிப்பிட்டு விட வேண்டும். "முதலில் குடியேறுங்கள், பிறகு பார்த்துக் கொள்ளலாம்" என்று கூறும் தரகர், தம் தரகுத் தொகையைப் பார்த்துக் கொள்வாரேயன்றி நம்மைப் பார்த்துக் கொள்ள மாட்டார். மறைத்துக் குடியேறுவது இருவகையில் தீங்கு. வெளிப்பட்ட நாளில் ஒப்பந்தம் முறிந்து, வீட்டை உடனே காலி செய்ய நேரலாம். அடுத்து வரும் தமிழ்க் குடும்பத்திற்கும் அக்கதவு மூடிக் கொள்ளும். ஒருவர் செய்த பிழைக்கு ஊர்ப் பெயர் முழுவதும் பழி ஏற்பது வெளி மாநில வாழ்வின் இயல்பு.

வீட்டுக்காரரின் அச்சங்கள் நியாயமானவை. சுவரும் கதவும் கீறப்படுமோ, நாற்றம் தங்குமோ, அண்டை வீட்டார் தம்மிடம் சண்டைக்கு வருவரோ என்றே அவர் அஞ்சுகிறார். அவ்வச்சங்களுக்கு விடை தருவதே நம் வேலை. இரண்டு மூன்று மராத்திச் சொற்களேனும் பேசக் கற்றுக் கொண்டு, முதியவராயின் 'காகா' என்றும், அம்மையாராயின் 'காகூ' என்றும் அழைத்துப் பேச்சைத் தொடங்கலாம். தடுப்பூசிச் சான்றையும் உரிமத்தையும் காட்டலாம். இதற்கு முன் குடியிருந்த வீட்டுக்காரர் ஒரு கடிதம் தருவாராயின் அதனினும் சிறந்த சான்று வேறில்லை. கூடுமாயின் நாயை அவர் முன்னே அழைத்துச் சென்று காட்டலாம். காணாத நாய் சிங்கமாகத் தோன்றும். கண்ட நாய் நாயாகவே தோன்றும்.

இசைவு கிடைத்த பின், ஒப்பந்தத்தில் சில வரிகளைச் சேர்க்குமாறு கேட்க வேண்டும். எவ்வகைப் பிராணி, எத்தனை என்பது ஒன்று. அதனால் வீட்டிற்கு ஏற்படும் சேதத்தைக் குடியிருப்பவரே ஈடு செய்வார் என்பது மற்றொன்று. வீட்டை விடும்போது வெள்ளையடிப்பதற்கு முன்பணத்திலிருந்து எவ்வளவு பிடிக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை மூன்றாவது. இம்மூன்றாவதை எழுதாமல் விட்டால், பிராணியின் பேரில் முன்பணம் முழுவதும் கரைந்து போவதைத் தடுக்க வழியிராது.

குடியேறிய பின் நடந்து கொள்ளும் முறையே நிலையான பாதுகாப்பு. படிக்கட்டிலும் லிப்டிலும் நாயைக் குறுகிய வாரில் பிடித்துச் செல்லுதல், குழந்தையோ முதியவரோ ஏறும்போது நின்று அடுத்த முறை செல்லுதல், அசுத்தத்தைத் தம் கையாலேயே அகற்றுதல் ஆகியவை சிறு செயல்கள். இவற்றால் விளையும் நல்லெண்ணம் பெரிது. வேதாள் தேக்டி முதலிய குன்றுகளில் காலையில் உலவச் செல்வோர், அங்கு வாழும் மயில்களை நாய் துரத்தாதவாறு கட்டிப் பிடித்துச் செல்ல வேண்டும். கணேசத் திருவிழா நாட்களில் டோல், தாசா முழக்கமும், தீபாவளியில் வெடியோசையும் நாய்களை மிகவும் மிரட்டும். அந்நாட்களில் வெளிக் கதவைத் தாழிட்டு உள்ளறையில் வைத்தல் வேண்டும். வெருண்டு ஓடும் நாய் புதிய ஊரில் வீடு திரும்ப வழி அறியாது.

ஊரிலிருந்து பிராணியை அழைத்து வருவதற்கும் முன்னேற்பாடு வேண்டும். இரயிலில் குளிர்சாதன முதல் வகுப்பில் இருவர்க்கோ நால்வர்க்கோ உரிய தனி அறை முழுவதையும் பதிவு செய்து கொண்டால் நாயை உடன் அழைத்து வரலாம். இல்லையேல் கார்டு பெட்டியில் உள்ள கூண்டில் அனுப்பலாம். சென்னையிலிருந்து புனேக்கு ஏறத்தாழ ஒரு நாள் பயணம்; கோடையில் கூண்டில் அனுப்புவது கொடுமையாக முடியலாம். பயணத்திற்குத் தக்க உடல்நிலை உண்டு என்னும் கால்நடை மருத்துவரின் சான்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். வீடு அமைந்த பிறகே பிராணியை வரவழைப்பது அறிவுடைமை. அதுவரை ஊரில் பார்த்துக் கொள்ள நம்பத் தக்க ஒருவரை ஏற்பாடு செய்தல் நலம்.

இத்தனை முயன்றும் வீடு அமையாது போகலாம். அப்போதும் தெரு ஒரு வழியன்று. பசிக்கும் தாகத்திற்கும் ஆளாகும் நிலையில் காரணமின்றிப் பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். அக்குற்றத்திற்கு முதன்முறை விதிக்கத் தக்க அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரையில்தான். இன்று ஒரு வேளைச் சிற்றுண்டிக்கும் போதாத தொகை அது. சட்டம் இவ்வளவு சிறிதாகத் தண்டிப்பதால் குற்றமும் சிறிதாகி விடாது. சுவர்க்கத்தின் வாயிலில், உடன் வந்த நாயை விட்டு வந்தால் உள்ளே வரலாம் என்ற போது, அடைக்கலமாக வந்ததை விட்டு வரமாட்டேன் என்று தருமபுத்திரர் மறுத்த வரலாறு நாம் அறிந்ததே. அவருக்கு வாயில் இறுதியில் திறந்தது. நமக்கு இரண்டாவது வீடும், மூன்றாவது வீடும், சில வேளை பத்தாவது வீடும் மறுக்கப்படலாம். அவ்வேளையில் அலுவலகத்திற்குச் சற்றுத் தொலைவாயினும், அறை ஒன்று குறைவாயினும், பிராணிக்கு இசையும் வீட்டை ஏற்றுக் கொள்வோம். அதுவும் இயலாவிடின், அதனை அறிந்து அன்பு செலுத்தும் உறவினரிடமோ நண்பரிடமோ ஒப்படைப்போம்.

புனேயில் ஏற்கெனவே வேரூன்றிய தமிழன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் இன்று சொந்த வீடு உடையவர்கள். சிலர் அதனை வாடகைக்கும் விடுகிறீர்கள். நேற்று நாம் கேட்ட கேள்வியோடு நாளை ஓர் இளங்குடும்பம் உங்கள் வாயிலில் வந்து நிற்கும். அவர்கள் சொல்லும் மராத்தி பிழையாக இருக்கலாம். அவர்கள் காலடியில் ஒரு நாய்க்குட்டி இருக்கலாம். கதவை மூடுமுன் அவர்கள் கொண்டு வந்த சான்றுகளை வாங்கிப் பாருங்கள். நிபந்தனைகளைத் தெளிவாக எழுதிக் கொண்டு வீட்டைக் கொடுங்கள்.